கிராதிக்கு இந்தப்புறம்

வலது முழங்கால் இன்றைக்கும் ஏமாற்றப் பார்த்தது. அப்பத்தட்டை எடுத்துக்கொண்டு ஆல்டர் படியிலிருந்து இறங்கும்போது உள்ளே ஏதோ ஒன்று நழுவி, மறுபடி தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. சபைப் போதகர் ஞானவரம் ஐயர் ஒரு கணம் நின்றார். நின்றதைச் சபையார் ஜெபம் என்று எடுத்துக்கொள்ளட்டும். முதல் வரிசை ஏற்கெனவே வந்து மரக்கிராதியை ஒட்டி முழங்காலில் இருந்தது. குனிந்த தலைகள், ஏந்திய உள்ளங்கைகள். இடது ஓரத்தில் தொடங்கி ஒவ்வொரு கையிலும் ஒரு துண்டு அப்பம் வைத்து, வைக்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லி, வலது ஓரம் வரை போக வேண்டும். பின்னாலேயே அவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் திராட்சரசப் பாத்திரத்தோடு வருவார். அந்த வரிசை எழுந்து போகும், அடுத்தது வரும். நல்லாயன்விளைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து திருவிருந்து ஞாயிறுதோறும் செய்வதுதான். அதற்கு முன்னால் வேறு ஊர்களில், வேறு கிராதிகளுக்கு இந்தப்புறம் நின்று செய்ததுதான். வாய் தானாகச் சொல்கிறது, கை தானாக வைக்கிறது. அதனால்தான் மனம் ஒரு வேலையும் இல்லாமல் கடைசி பெஞ்சுக்கு ஓடுகிறது. பக்கவாசலை ஒட்டிய கடைசி பெஞ்சு. நீலச்சேலை. இருக்கிறாள். ஹெப்சிபாள் வந்து உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து இங்கே வருவாளா? சற்றுமுன் சபை முழுக்கச் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னபோது அவளும் சொன்னாளா? அவர் அப்போது ஆல்டரைப் பார்த்து முழங்காலில் இருந்தார். முதுகில் கண் இல்லை. சபையின் ஒட்டுமொத்தக் குரலில் ஒருத்தியின் குரலைத் தனியாகப் பிரித்தெடுக்கக் காதும் இல்லை. வந்தால் கொடுக்க வேண்டும். வராவிட்டால்? வராவிட்டால் நல்லது என்று நினைக்கிறோமா? அந்த எண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த உள்ளங்கைக்குப் போனார்.

நேற்றுச் சாயங்காலம் பொன்சிங் வந்திருந்தார். சேகரச் செயலர், சபை நிர்வாகம் அவர் பொறுப்பு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பேனா. நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார், எப்போதும் எழுந்து போகிறவர் மாதிரி. கோயில் மணி ஒரு நிமிடம் பிந்தினால் கேட்பார், ஓட்டில் ஒழுகினால் தானே ஏணி வைத்து ஏறுவார். கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதுதான் கஷ்டம். "ஹெப்சி நாளைக்குத் திருவிருந்துக்கு வரப்போறதா பேச்சு இருக்கு ஐயா," என்றார். "ஓடிப்போயி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு இந்துப் பையனக் கட்டினவ. கழுத்துல மஞ்சக்கயிறு. சபை முன்னால நின்னு தப்புன்னு சொல்லணும், ஒரு வருஷம் ஒதுங்கி இருக்கணும், அப்புறந்தான் சேர்க்கணும். இந்தச் சபையில அதுதான் ஒழுங்கு. என் அப்பா காலத்துல இருந்து அதுதான்." ஐயர், தகப்பன் செத்து இன்னும் மண் காயாத பெண்ணைக் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தச் சொல்கிறீர்களே என்று கேட்டார். பொன்சிங் தரையைப் பார்த்தார். "ஒழுங்குன்னா வலிக்கத்தான் செய்யும் ஐயா. வலிக்குதுன்னு ஒருத்தருக்குத் தளர்த்தினா, ஏற்கெனவே வலிச்சவங்களுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?" ஐயரின் மனைவி ரெஜினாள் வைத்த டீயைத் தொடாமலே எழுந்தார். மீறினால் பேராயருக்கு எழுதுவதாகவும் சொல்லிவிட்டுத்தான் போனார். மிரட்டலாக இல்லை, ஊர்த் தகவல் சொல்வதுபோல.

இரண்டாவது வரிசை. பாதி எழுந்து, பாதி உட்கார்ந்து, சேலை மிதிபட்டு, பிள்ளையை இடுக்கிக்கொண்டு வருகிறார்கள். மாவு பிசைந்து வந்த வெடிப்பு ஒரு கையில், சுண்ணாம்பு ஒரு கையில், மருதாணி ஒரு கையில். அடுத்தது எட்வின் சார். பார்க்காமலே தெரியும், அந்த விரல்கள் ரொம்பச் சுத்தம். கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், ஊரில் ஐயரோடு உட்கார்ந்து புத்தகம் பேசுகிற ஒரே மனிதர். செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் எட்வின் சார் வீட்டு மாடியில் அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் இந்த ஊரில் ஐயருக்கு வாரம் முழுவதும் ஒப்பாரியும் வழக்கும்தான். எட்வின் சாரும் ஹெப்சியைப் பற்றித்தான் பேசினார், போன செவ்வாய். "கூப்பிட்டுக் கொடுங்க ஐயா. பாவம், கீவம்னு எதையும் அவகிட்டப் பேசாதீங்க. அவ அந்தக் கோயில்ல கும்பிட்டாலும் இந்தக் கோயில்ல கும்பிட்டாலும் ஒண்ணுதான். கல்லறை காலியா இருந்துச்சுன்னு ஈஸ்டருக்கு ஈஸ்டர் நாம சொல்லுததே ஒரு அழகான உருவகந்தான? உங்களுக்கும் உள்ளுக்குள்ள அது தெரியும். பிரசங்கத்துல மட்டுந்தான் ஒளிக்குதீங்க." ஐயர் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. காபி ஆறிவிட்டது என்று பேச்சை மாற்றினார். சொல்லாததற்குக் காரணம் பொறுமை என்று அப்போது நினைத்தார். இப்போது அந்தச் சுத்தமான விரல்களில் அப்பத்தை வைக்கும்போது, அது பொறுமை இல்லை, செவ்வாய்க்கிழமைகள் போய்விடும் என்ற பயம் என்று தோன்றியது. எட்வின் சார் நிமிர்ந்து பார்த்து லேசாகப் புன்னகைத்தார். நீ நம்ம ஆள் என்கிற புன்னகை.

யாருடைய ஆள்? ஒரு பக்கம் நகர்ந்தால் பொன்சிங்கின் ஆள். இந்தப் பக்கம் நகர்ந்தால் எட்வின் சாரின் ஆள். நடுவில் நிற்கலாம் என்றால் நடு என்று ஒன்று இருக்கிறதா, அல்லது அது இரண்டு பேருக்கும் பயந்தவன் பதுங்குகிற இடமா? எல்லாரும் பாவிகள்தானே, யாரை யார் தடுப்பது என்று நினைத்தால் மனசுக்கு இதமாக இருக்கிறது. உடனே அந்த இதமே பயமுறுத்துகிறது. எல்லாரும் பாவி, ஆகவே யாரும் பாவி இல்லை என்று அது மெல்லச் சரிந்து எட்வின் சார் வீட்டு மாடியில் போய் நிற்கிறது. அங்கே மன்னிப்பு என்று ஒன்று தேவையே இல்லை, தேவை இல்லாததற்காக ஒருவர் ஏன் சிலுவையில் செத்தார்? சரி என்று மறுபக்கமாக ஏறினால் அது நேராகப் பொன்சிங்கின் வேலியில் முட்டுகிறது. அங்கே மன்னிப்பு உண்டு, ஆனால் வரிசையில் நிற்க வேண்டும், ஒரு வருஷம் நிற்க வேண்டும், எல்லாரும் பார்க்க நிற்க வேண்டும். அங்கேயும் அவர் எதற்குச் செத்தார் என்பது விளங்கவில்லை. வாலிபத்தில் இதையெல்லாம் இறையியல் பரீட்சைத் தாளில் எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தார். தாளில் எழுதும்போது முழங்கால் வலிக்கவில்லை. கழுத்துக்குப் பின்னால் அங்கிக்குள் வியர்வை இறங்குகிறது. மின்விசிறி ஆல்டருக்கு நேராக இல்லை. நாலாவது வரிசையா, ஐந்தாவதா? நீலச்சேலை அசையவில்லை.

அவள் நேற்று பொன்சிங் போன பின்புதான் வந்தாள். வீட்டுக் கேட்டுக்கு வெளியே புருஷனின் அக்காள் இசக்கியம்மாள் ஹெப்சியின் சின்னப் பெண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, நீ பேசிட்டு வா என்று கையாட்டினாள். ஹெப்சி உட்காரவில்லை. அப்பாவின் அடக்க ஆராதனையில் பார்த்தபோது இருந்ததைவிட மெலிந்திருந்தாள்.

"ஐயா, ரிஜிஸ்டர் கல்யாணத்தப் பத்தி நான் பேச வரல. அதுக்கு நான் வருத்தப்படல. வருத்தப்படுதேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"நான் அதக் கேக்கவே இல்லயே."

"வேற ஒண்ணு இருக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து வெட்டி இழுத்துச்சு. ஆஸ்பத்திரியில கைய விரிச்சிட்டாங்க. நான் ராத்திரி பூரா ஜெபம் பண்ணினேன். கேக்கல. எங்க மதினி எனக்காக அம்மன் கோயில்ல தீச்சட்டி எடுத்தாங்க. கையெல்லாம் வெந்துபோச்சு அவங்களுக்கு. நானும் ஈரச்சேலையோட கோயிலச் சுத்தி உருண்டேன். உருளும்போது இயேசுகிட்ட ஒண்ணு சொன்னேன். நீ கேக்கல, இனி உன்ன நான் கூப்பிட மாட்டேன்னு. பிள்ள பிழைச்சிட்டா. நானும் சொன்ன சொல்லக் காப்பாத்தினேன். அப்பாவ அடக்கம் பண்ணுத அன்னைக்கு நீங்க பாட்டு எடுத்தீங்கள்ல, அதுவரைக்கும் கூப்பிடல." புடவை நுனியைச் சுருட்டினாள். "எட்வின் சார் சொல்லுதாரு, எல்லாம் ஒண்ணுதான், நீ ஒரு தப்பும் பண்ணலன்னு. அப்படின்னா எனக்கு ஏன் இப்படி இருக்கு? என் பிள்ளைய யாரு பிழைக்க வச்சது ஐயா?"

ஐயருக்கு அந்தக் கேள்வி இப்போதும், இந்தக் கிராதிக்கு இந்தப்புறமும், நெஞ்சில் இடறிக்கொண்டுதான் இருக்கிறது. சுலபமான பதில்கள் இரண்டு நாக்கின் நுனிக்கு வந்தன. இரண்டும் யாரோ ஒருவருடைய பதில்கள். அவர் அவற்றை விழுங்கினார். பிறகு சொன்னார், "பிழைக்க வைக்கிறவர் ஒருத்தர்தான்னு நான் நம்புதேன் பிள்ள. நீ எங்க கிடந்து அழுதிருந்தாலும் கேட்டது அவர்தான்னு நம்புதேன். உங்க மதினி கை வெந்தது பொய், பிசாசு காரியம்னு யாராவது என்னச் சொல்லச் சொன்னா சொல்ல மாட்டேன். ஆனா அதுக்காக நீ எங்க நின்னாலும் ஒண்ணுதான்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. நீ அவர விட்ட. அது மெய். அத இல்லன்னு சொன்னா உன்னத்தான் ஏமாத்துதேன்."

அவள் அழவில்லை. தோளில் இருந்த எதையோ இறக்கி வைத்தவள்போல மூச்சுவிட்டாள். "அப்ப நான் என்ன செய்யணும்? எல்லாருக்கும் முன்னால நிக்கணுமா?"

"வேண்டாம். நாளைக்குப் பாவ அறிக்கை எல்லாரும் சேர்ந்துதான் சொல்லுவோம், நானும் சொல்லுவேன். அதுக்குள்ள உன்னுடையதையும் வை. அவர்கிட்டச் சொல்லு, எங்ககிட்ட இல்ல. மனசு வந்து சொல்லிட்டியானா எழுந்து வா. வராட்டா உக்காந்திரு. அவசரம் ஒண்ணும் இல்ல, வருத அன்னைக்கு வரலாம்."

"இந்தக் கயிறு?"

"கட்டினவர் நல்லா இருக்காருல்லா. அத ஏன் கழத்தணும்?"

யோசிக்கணும் ஐயா என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்டுக்கு வெளியே இசக்கியம்மாள் அவள் முகத்தைத் தொட்டுத் திருப்பிப் பார்த்ததும், பிள்ளையை மாற்றிக் கொடுத்ததும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவர் சொன்னது சரிதானா? ராத்திரி முழுக்க ரெஜினாள் தூங்கினாள், அவர் தூங்கவில்லை. வராட்டா உக்காந்திரு என்றது இரக்கமா, அல்லது நாளைக்குத் தப்பித்துக்கொள்ள விட்ட ஒரு சந்தா? இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது ஓய்வுக்கு. மாற்றல் என்றால் ரெஜினாளின் டயாலிசிஸுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிற ஊராகக் கிடைக்குமா? இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நினைப்பதற்காக வெட்கப்படவும் தெம்பில்லை.

பொன்சிங் வந்துவிட்டார். கடைசி வரிசைக்கு முந்தியதில் வருவார், எப்போதும் அப்படித்தான், மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு. கை நீட்டுகிறார். அகலமான, காய்த்த உள்ளங்கை. ரெஜினாள் ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்தது. பொன்சிங்குக்குக் கோயம்புத்தூரில் ஒரு மகள் உண்டாம். ரெண்டு மகன்கள் மட்டும் என்றுதான் ஊரில் சொல்வார்கள். அவள் வேற்றுச் சாதியில், வேற்று மதத்தில் கட்டிக்கொண்டாள் என்று அப்போதைய கமிட்டி விலக்கிவைத்தபோது முதல் கையெழுத்துப் போட்டது தகப்பன்தானாம். சபை முன்னால் நிற்க மாட்டேன் என்று மகள் போய்விட்டாள். அப்புறம் வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. இதைக் கேட்ட அன்றைக்கு ஐயர் வேறு வேலையில் இருந்தார், சரி என்று தலையாட்டினார். ஏற்கெனவே வலிச்சவங்களுக்கு என்ன பதில் சொல்லுவீங்க. அப்பத்தை வைத்தார். இவருக்கு என்ன பதில் சொல்வது? நீர் இழந்தது வீண் என்றா? அதை எந்த வாயால் ஒரு மனிதனிடம் சொல்வது?

கடைசி வரிசையும் எழுந்து போயிற்று. நீலச்சேலை பெஞ்சிலேயே இருந்தது. பாட்டு முடிந்து ஆர்கன் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. ஐயர் தட்டை ஆல்டரில் வைத்தார். உபதேசியார் பாத்திரத்தை வைத்தார். வெள்ளைத் துணியை எடுத்து விரிக்கும்போது உடம்பு முழுவதும் ஒரு தளர்வு வந்தது, வெயிலில் நடந்து வந்து ஈரத்தரையில் காலை வைத்த மாதிரி. வரவில்லை. கடிதம் போகாது. மாற்றல் இல்லை. செவ்வாய்க்கிழமையும் இருக்கும். யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. துணியின் நாலு முனையையும் இழுத்துச் சரிசெய்தார். சரிசெய்யும்போதே அந்தத் தளர்வு என்ன என்பது விளங்கிவிட்டது. ஒரு பெண் தன் தேவனிடம் திரும்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள், அதில் உனக்குச் சந்தோஷம். கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் வரவில்லை. களைப்புத்தான் வந்தது, அதுவும் ஜெபமாக இருக்கட்டும் என்று விட்டார்.

பின்னால் செருப்பில்லாத காலடி கேட்டது. திரும்புவதற்கு முன்பே கோயிலுக்குள் இருந்த இருமல்களும் விசிறி மட்டைகளும் அடங்கிவிட்டன. அவள் நடுப்பாதையில் வந்துகொண்டிருந்தாள், வேகமாகவும் இல்லை, தயங்கியும் இல்லை. கிராதிக்கு அந்தப்புறம் முழங்காலில் விழுந்தாள். பொன்சிங் தன் பெஞ்சில் எழுந்து நின்றார்.

ஐயர் துணியை எடுத்தார். தட்டோடு மறுபடி படி இறங்கினார். முழங்கால் நழுவியது, கிராதியைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிட்டேன் ஐயா," என்றாள், அவருக்கு மட்டும் கேட்க. "அவர விட்டேன்னு சொல்லிட்டேன். அதான் நேரமாயிட்டு. ஆனா எங்க மதினிய விட்டுக்குடுத்து ஒண்ணும் சொல்லல."

"அத யாரும் கேக்கல," என்றார். கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். தன் ஆண்டவர் கேட்கவில்லை என்றுதான் சொன்னார், அப்படித்தான் நம்பினார். அப்பத்தை அவள் கையில் வைத்தார். அன்றைக்கு முதல்முறையாகச் சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தன் காதால் கேட்டுச் சொன்னார். உபதேசியார் அசையாமல் நின்றார். ஐயரே பாத்திரத்தை எடுத்துவந்து கொடுத்தார்.

ஆசீர்வாதம் முடிந்து அங்கி மாற்றும் அறையான வெஸ்ட்ரிக்கு வந்து, மீதியிருந்த அப்பத்தை உண்டு, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் குடித்துக்கொண்டிருந்தபோது எட்வின் சார் உள்ளே வந்தார். இரண்டு கையாலும் ஐயரின் தோளைப் பிடித்தார். "பண்ணிட்டீங்க ஐயா. எல்லாம் ஒண்ணுதான்னு ஒரு வார்த்த பேசாம, சபைக்கே காட்டிட்டீங்க."

தண்ணீர் இன்னும் வாயில் இருந்தது. விழுங்கினார். இப்போதும் காபி ஆறிவிட்டது என்று சொல்லலாம். புன்னகைத்துவிட்டு இருக்கலாம். அதற்குத்தான் உடம்பு கெஞ்சியது.

"இல்ல சார். நான் அப்படிக் காட்டல. அவ மனம் திரும்பி வந்தா, அதனால கொடுத்தேன். ஒண்ணுதான்னா அவ வரவேண்டியதே இல்லயே. கல்லறை காலின்னு நான் சொல்லுதது உருவகம் இல்ல சார், அது நடந்ததுன்னு நம்பித்தான் சொல்லுதேன். முன்னாலயே சொல்லியிருக்கணும். உங்க சிநேகம் போயிரும்னு சொல்லல."

எட்வின் சார் கைகளை எடுத்துக்கொண்டார். கோபப்படவில்லை. "நீங்க கொஞ்சம் விசாலமா யோசிக்கிற மனுசன்னு நினைச்சேன்," என்றார், வருத்தமாக. வாசலில் பொன்சிங்குக்கு வழிவிட்டு வெளியே போனார்.

பொன்சிங் உள்ளே வரவில்லை, வாசல் நிலையில் நின்றார். "பேராயருக்கு எழுதத்தான் செய்வேன் ஐயா. அது என் பொறுப்பு."

"எழுதுங்க. நடந்ததை நடந்தபடி எழுதுங்க."

அதற்குப் பிறகும் அவர் போகவில்லை. ஐயருக்கு அங்கியின் பொத்தான் கழலவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வெளியே ஜனம் கலைகிற சத்தம், மோட்டார் சைக்கிள்கள், ஹெப்சி பிள்ளையைக் கூப்பிடுகிற சத்தம். பொன்சிங் அந்தச் சத்தம் தேய்கிற வரைக்கும் நின்றார்.

"ஐயா, அவ உங்ககிட்ட என்னமோ சொன்னாளே. அத என்னன்னு கேக்கல. அது அவளுக்கும் உங்களுக்கும்." பேனாவை எடுத்து மறுபடி பையில் சொருகினார். "எனக்கு ஒரு பிள்ள இருக்கா. கோயம்புத்தூர்ல. அவ வந்தா கொடுப்பீங்களா?"

சரி என்று சொல்லிவிட ஐயருக்கு ஆசையாக இருந்தது. அந்த முகத்துக்கு எதை வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம்போல இருந்தது. "வந்து, மனசோட அறிக்கை சொன்னா கொடுப்பேன்," என்றார்.

பொன்சிங் நிலையைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"யாரு சொல்லணும் ஐயா? அவளா, நானா?"

"ரெண்டு பேரும்," என்றார் ஞானவரம் ஐயர். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார். பொன்சிங் வந்து உட்கார்ந்தார், நுனியில் இல்லை, முதுகைச் சாய்த்து, முழுசாக.